24 பிள்ளைகள், 12 பந்து, 2 மணித்தியாலம்: வலைப்பந்தாட்டப் பயிற்சி முகாம் நடத்துவது எப்படி

9 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு, ஒரே ஒரு ஆடுகளத்தை வைத்துக்கொண்டு நான்கு சனிக்கிழமை காலைகளில் முகாம் நடத்தப் போகிறவர்களுக்கான விளக்கம் இது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைத் திடலை மனதில் வைத்து எழுதியது. வேறு ஊரென்றால் வெயிலுக்கு ஏற்ப நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், பந்தோடு ஓட முடியாது, மூன்று விநாடிக்குள் பந்தை விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாதென்றால் முதலில் ஒரு முழுப் போட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

1. கோடு போடுதல்

ஆடுகளம் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். நான்கு மூலைக்கும் கட்டை அடித்தவுடன் சுண்ணாம்பைத் தூவத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் மூலைவிட்டம் இரண்டையும் அளவுங்கள். இரண்டும் 34.1 மீற்றர் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் களம் சரிந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கோல் வட்டம் போடும்போது காட்டிக் கொடுத்துவிடும்.

நீளத்தை மூன்றாகப் பிரித்தால் ஒரு பகுதி 10.17 மீற்றர். கோல் வட்டம், கோல் கோட்டின் நடுவில் கட்டை அடித்து 4.9 மீற்றர் கயிற்றால் இழுக்கும் அரைவட்டம். நைலோன் கயிறு இழுபடும். சணல் கயிறு நல்லது. நடு வட்டத்தில்தான் பலரும் பிழை விடுவார்கள். 0.9 மீற்றர் என்பது அதன் விட்டம். கயிறு 45 சென்ரிமீற்றர்தான் இருக்க வேண்டும். 90 சென்ரிமீற்றர் கயிறு பிடித்தால் சென்டர் (நடு ஆட்டக்காரர்) நிற்கும் வட்டம் கிணற்றுக்கட்டுப் போல வந்துவிடும்.

கம்பத்தின் உயரம் 3.05 மீற்றர். இந்த வயதுக்கு அது அதிகம். ஆஸ்திரேலியாவில் சிறுவர்களுக்கான நெட்செட்கோ திட்டத்தில் 2.4 மீற்றர் உயர வளையம் வைக்கிறார்கள். அதே கம்பத்தில் இரண்டாவது வளையம் ஒன்றை யூ போல்ட் போட்டு 2.4 மீற்றரில் பூட்டிவிடலாம், ஒட்டு வேலை செய்பவர் அரை நாளில் முடித்துத் தருவார். போல்ட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அறுத்துவிடச் சொல்லுங்கள். கம்பத்தைச் சுற்றி, நிலத்திலிருந்து பிள்ளையின் தலை உயரம் வரை ஸ்பொன்ஞ் கட்ட மறக்க வேண்டாம்.

2. சாமான்கள்

இரண்டு பிள்ளைக்கு ஒரு பந்து. 24 பேருக்கு 12. மூன்று பந்தை வைத்துக்கொண்டு முகாம் நடத்தினால் அது வரிசையில் நிற்கும் பயிற்சியாகத்தான் முடியும்.

10 வயது வரை 4ஆம் இலக்கம், அதற்கு மேல் 5ஆம் இலக்கம். 5ஆம் இலக்கப் பந்தின் சுற்றளவு 69 முதல் 71 சென்ரிமீற்றர், நிறை 400 முதல் 450 கிராம். சொரசொரப்பான றப்பர்ப் பந்தே வாங்குங்கள். கில்பேர்ட் போன்ற நிறுவனங்களின் பயிற்சிப் பந்து போதும், போட்டிப் பந்துக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. வழுவழுப்பான தோல் மாதிரிப் பந்து புழுதிபட்டால் சவர்க்காரம் போல நழுவும். கூடைப்பந்து வேண்டவே வேண்டாம். பெரியவர்களின் 7ஆம் இலக்கக் கூடைப்பந்து குறைந்தது 567 கிராம் இருக்கும். அதைப் பிடித்துப் பழகும் பிள்ளை விரலைச் சுருக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கப் பழகிவிடும்.

காற்று 11 முதல் 12 பி.எஸ்.ஐ. சைக்கிள் கடை மானியிலேயே பார்க்கலாம்.

கட்டி அவிழ்க்கும் துணிப் பட்டி இரண்டு நிறத்தில் ஏழு ஏழு. ஆடும் இடத்தைக் காட்டும் எழுத்து முன்னும் பின்னும், 15 சென்ரிமீற்றர் உயரமுள்ளதாக இருக்கட்டும். 90 சென்ரிமீற்றர் நீளத் தடி ஆறு (பழைய தும்புத்தடிக் கம்பை வெட்டினால் போதும்). சோக்கட்டி, விசில், ரெஜிபோம் பெட்டியில் ஐஸ், நகவெட்டி.

நகவெட்டியைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. நகம் நீண்டிருந்தால் நடுவர் களத்துக்குள் விடமாட்டார். தோடு, காப்பு, சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும். காது குத்திக் கொஞ்ச நாளே ஆன பிள்ளைக்குத் தோட்டைக் கழற்ற அம்மாமார் சம்மதிக்க மாட்டார்கள். இதை முதல் நாள் காலை வாசலில் வைத்துப் பேசினால் அரை மணித்தியாலம் போய்விடும். ஒப்புதல் கடிதத்திலேயே எழுதி அனுப்புங்கள். அதே தாளில் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கிறதா, அதற்கான மருந்துப் பம்ப் கொண்டுவருவாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. நேரம்

6.30க்கு வருகை. 6.40க்கு உடம்பைச் சூடாக்குதல். 6.55 முதல் 7.20 வரை கால் பயிற்சி, எல்லோரும் ஒன்றாக. தண்ணீர். 7.25க்கு மூன்றாகப் பிரிந்து களத்தின் மூன்று பகுதிகளில் எட்டு எட்டுப் பேர் (பாஸ், தடுத்தல், கோல் போடுதல்), 12 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றம். 8.05 முதல் 8.25 வரை சிறு ஆட்டம். 8.30க்கு முடிவு. அதற்கு மேல் சீமெந்துத் தரை கொதிக்கத் தொடங்கிவிடும்.

பயிற்றுநர் மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் பிள்ளைகளின் எண்ணிக்கையை 16 ஆகக் குறையுங்கள், ஒரு பகுதியை வெறுமையாக விட்டாலும் பரவாயில்லை.

4. கால்: மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்

முகாம் சறுக்குவது இந்த இடத்தில்தான். காரணம் பிள்ளைகள் இல்லை, நாங்கள் சொல்லிக்கொடுக்கும் விதம். "காலைத் தூக்காதே, காலைத் தூக்காதே" என்று கத்துவோம். பிள்ளை பயந்து காலைத் தரையோடு ஒட்டிவைத்துக்கொண்டு, இடுப்பை முறுக்கி, பலமில்லாமல் எறியும். விதி அப்படிச் சொல்லவே இல்லை.

விதி இதுதான். பந்து கைக்கு வந்த பிறகு முதலில் தரையைத் தொட்ட கால்தான் ஊன்றிய கால். மற்றக் காலை எந்தத் திசையிலும் எத்தனை முறையும் வைக்கலாம். ஊன்றிய காலைத் தூக்கவும் செய்யலாம். தூக்கிய கால் மீண்டும் தரையில் படுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊன்றிய காலில் நொண்டுவதும் அதை இழுப்பதும் பிழை. இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் பட்டால் எந்தக் காலை வைத்துக்கொள்வது என்பது பிள்ளையின் விருப்பம்.

இன்னொரு நுட்பம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கால் தரையில் இருக்கப் பந்து கைக்கு வந்தால், தரையில் இருக்கும் அந்தக் கால்தான் ஊன்றிய கால். "பிடித்த பிறகு வைத்த அடியிலிருந்து எண்ண வேண்டும்" என்று பிள்ளை நினைக்கும். நடுவர் அதற்கு முந்திய காலிலிருந்து எண்ணுவார். "நான் ஒரு அடிதானே வைத்தேன், மிஸ்" என்ற அழுகை இங்கிருந்துதான் வருகிறது. இதற்கு மருந்து ஒன்றுதான்: பந்தை ஆகாயத்தில் வைத்தே பிடிக்கப் பழக்க வேண்டும். துள்ளு, பிடி, இறங்கு. அந்த வரிசை.

25 நிமிடத்தையும் இப்படிப் பிரியுங்கள்.

முதல் 5 நிமிடம் பந்து இல்லை. ஐந்தாறு அடி ஓடி, விசில் கேட்டதும் துள்ளி இரண்டு காலிலும் இறங்க வேண்டும். காதைக் கொடுத்துக் கேளுங்கள். "டப்" என்று ஒரு சத்தம் வந்தால் சரி. "ட-டப்" என்று வந்தால் ஒரு கால் முந்திவிட்டது. 24 பேரையும் கண்ணால் பார்க்க முடியாது, காதால் முடியும். இறங்கியவுடன் இரண்டு விநாடி சிலை போல நிற்கச் சொல்லுங்கள். அப்போது முன்னால் போய் முழங்காலைப் பாருங்கள். முழங்கால் கால்விரலுக்கு நேராக மடங்கியிருக்க வேண்டும். இரண்டு முழங்காலும் உள்ளே சாய்ந்து ஒன்றோடொன்று முட்டப் பார்த்தால் உடனே திருத்துங்கள். முழங்கால் தசைநார் அறுவது வளர்ந்த பெண் பிள்ளைகளிடம் அதிகம் காணும் காயம், அதன் தொடக்கம் இந்தச் சாய்வுதான். ஆஸ்திரேலிய வலைப்பந்தாட்ட அமைப்பான நெற்போல் ஆஸ்திரேலியா முழங்காலுக்கென்று தனிப் பயிற்சித் திட்டமே வைத்திருக்கிறது.

அடுத்த 5 நிமிடம், தன் பந்தைத் தானே தலைக்கு மேல் எறிந்து, துள்ளிப் பிடித்து இறங்குவது.

பிறகு 8 நிமிடம் சோடியாக, மூன்று மீற்றர் இடைவெளியில். எறிகிறவர் பிள்ளையின் நெஞ்சுக்கு எறியக் கூடாது, ஓர் அடி முன்னால், நெற்றிக்குச் சற்று மேலே எறிய வேண்டும். பிடிக்கிறவர் வந்து துள்ளிப் பிடித்து, ஒரு காலில் இறங்கி, இறங்கிய காலைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: "இடது!" "வலது!" பாதிப் பேருக்கு எந்தக் காலில் இறங்கினோம் என்றே தெரியாது. அது தெரியாமல் மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை.

கடைசி 7 நிமிடம் திரும்புதல். ஊன்றிய காலைச் சுற்றிச் சோக்கட்டியால் வட்டம் போடுங்கள். குதிகாலை உயர்த்தி, முன்பாதத்தில் சுழன்று, மற்றக் காலை எறியும் திசைக்கு வைத்து, ஊன்றிய கால் மேலே எழும்பும்போதே பந்தை விட வேண்டும். குதிகாலில் சுழல்பவர்கள் தடுமாறுவார்கள், கணுக்காலும் பிசகும்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு மூன்று அடி வைத்துவிடும் பிள்ளை இருக்கும். அது கால் பிழையாக இருக்காது, வேகப் பிழையாக இருக்கும். முழு ஓட்டத்தில் வந்து நிற்க முடியாது. துள்ளுவதற்கு முன் இரண்டு குட்டி அடி வைக்கச் சொல்லுங்கள், போதும்.

மணல் திடலில் சுழலும் இடமெல்லாம் குழி விழும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை காலால் மூடி மிதித்துவிடுங்கள். வெறுங்காலோடு மணலில் விளையாடலாம். சீமெந்தில் சப்பாத்து இல்லாமல் திருப்பப் பயிற்சி கொடுத்தால் முன்பாதத் தோல் கொப்புளித்துவிடும்.

5. பாஸ்

நெஞ்சிலிருந்து எறிவது, தோளிலிருந்து எறிவது, நிலத்தில் மோத விடுவது. மூன்று போதும். தோள் எறிகையில் எறியும் கைக்கு எதிர்க் கால் முன்னால் வர வேண்டும். நிலத்தில் மோதும் பந்து இருவருக்கும் இடையிலான தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் மோதினால் இடுப்பளவுக்கு எழும்பும். இதற்கு மேல் விளக்க ஒன்றும் இல்லை, எண்ணிக்கைதான் வேலை செய்யும்.

6. 90 சென்ரிமீற்றர்

பந்து வைத்திருப்பவரின் ஊன்றிய காலிலிருந்து தடுப்பவரின் கிட்டிய கால் வரை 0.9 மீற்றர் இருந்தால்தான் கையைத் தூக்கித் தடுக்கலாம். அளப்பது நிலத்தில், கைக்கும் பந்துக்கும் இடையில் அல்ல. வெட்டிய தடியை நிலத்தில் வைத்துப் பழக்குங்கள். பந்து பிடிபட்ட உடனே தடுப்பவர் பின்னால் பாய்ந்து, தடியின் மறுமுனைக்கு அப்பால் நின்று, அதன் பிறகு கையைத் தூக்க வேண்டும். பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டே பின்வாங்குவார்கள். அது பிழை. கை கடைசியில்.

7. கோல் போடுதல்

பலகை இல்லை என்பதுதான் இங்கே எல்லாமே. கூடைப்பந்து வளையத்தில் பழகிய பிள்ளை பலகையை நம்பித் தட்டையாக எறியும். வலைப்பந்து வளையத்தின் உள்விட்டம் 38 சென்ரிமீற்றர், பந்தின் விட்டம் ஏறக்குறைய 22. மேலிருந்து செங்குத்தாக விழுந்தால் தாராளமாக இடம் இருக்கிறது. சரிவாக வரவர வாய் ஒடுங்கும். கிடைமட்டத்திலிருந்து 36 பாகைக்குக் குறைவான கோணத்தில் வந்தால் பந்து வளையத்தில் இடிக்காமல் உள்ளே போகவே முடியாது. ஆகவே உயரம், உயரம், உயரம்.

பந்து தலைக்கு மேல், விரல் நுனிகளில், முழங்கை வளையத்தை நோக்கி. மற்றக் கை பக்கத்தில் தாங்க மட்டும். பலம் முழங்காலை மடக்கி நிமிர்வதில் வர வேண்டும், கையில் அல்ல. ஒரு மீற்றரில் தொடங்கி, தொடர்ந்து மூன்று விழுந்தால் ஒரு பாதம் பின்னால். தவறினால் முன்னால் வரத் தேவையில்லை, அங்கேயே நிற்கட்டும்.

உயரமான பிள்ளையைக் கண்டதும் ஜி.எஸ் (கோல் போடுபவர்) பட்டியைக் கட்டிவிடும் பழக்கம் எங்களிடம் உண்டு. இலங்கை அணிக்கு ஆடிய தர்ஜினி சிவலிங்கத்தின் 6 அடி 10 அங்குலத்தைப் பார்த்த ஊரல்லவா. 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை எடுத்தபோது கோல் வட்டத்துக்குள் அவர் நின்றார், சரி. அந்தக் கைக்கு வெளியிலிருந்து உயரத்தில் பந்து கொடுக்க ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் பாருங்கள். 11 வயதில் உயரமாக இருப்பவர் 15 வயதில் சராசரி உயரத்தில் நின்றுவிடலாம். நான்கு சனிக்கிழமையும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று இடங்களை மாற்றிக் கொடுங்கள்.

8. ஆட்டம்

முதல் மூன்று சனியும் ஏழுக்கு ஏழு வேண்டாம். 14 பேர் ஆட 10 பேர் குந்தியிருப்பார்கள். மூன்று பகுதியிலும் நாலுக்கு நாலு போட்டால் 24 பேரும் களத்தில். ஐந்து பாஸ் தொடர்ந்து பிடிபட்டால் ஒரு புள்ளி. மூன்று விநாடியை ஐந்து விநாடியாகத் தளர்த்தலாம். கால் பிழையைத் தளர்த்த வேண்டாம்.

நான்காம் சனி முழு ஆட்டம், குறுகிய கால்பகுதிகள். எந்தப் பட்டி எங்கே போகலாம் என்பதை வாயால் சொன்னால் ஏறாது. தொடங்குமுன் ஒவ்வொருவரையும் தன் எல்லைக் கோட்டின் மேல் ஒருமுறை நடக்க விடுங்கள். சென்டர் கோல் வட்டத்துக்குள் ஓடிப்போய் நிற்பது அதோடு பாதியாகக் குறையும்.

பின்னர் சேர்த்தவை

4ஆம் இலக்கப் பந்து கிடைக்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 5ஆம் இலக்கத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பாவியுங்கள். கைக்கு மென்மையாக இருக்கும். நிலத்தில் மோதும் பாஸுக்கு மட்டும் காற்று நிரம்பிய பந்தை ஒதுக்கி வையுங்கள்.

விரல் அடிபட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். புதிதாகப் பிடிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு அதுதான் அதிகம் வரும். சொடக்கு எடுப்பது போல விரலை இழுக்கக் கூடாது. ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டுங்கள். விரல் வளைந்திருந்தாலோ மடக்க முடியாவிட்டாலோ நேரே ஆஸ்பத்திரிக்கு. அடிக்கடி அடிபடுகிற பிள்ளையின் கையைக் கவனியுங்கள், விரல்கள் பந்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கை பந்தைப் பார்க்க, விரல் நுனிகள் மேலே பார்க்க, இரண்டு பெருவிரலும் கிட்டத்தட்டத் தொடும்படி கையை வைத்துக் காட்டுங்கள்.

மழைக்குப் பிறகு சீமெந்தில் பாசி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கும் பயிற்சி வேண்டாம். பிள்ளைகளை வகுப்பறை விறாந்தைக்குக் கூட்டிப்போய் நின்ற இடத்தில் பாஸ் பழக்கலாம். விறாந்தையில் யன்னல் கண்ணாடி இல்லாத பக்கமாகப் பாருங்கள்.