மேலேறும் நீச்சல் உடைக்கு ஒரு வைத்தியம்
மகளின் நீச்சல் உடையில் தொடைப் பகுதி எலாஸ்டிக் பின்பக்கம் மேலேறிக்கொண்டே இருந்தது. தைத்துக் கொடுத்தவர் சுற்று முழுக்க ஒரே சீராக இழுத்துத் தைத்திருந்தார். பிரித்தேன். சௌகார்பேட்டையில் குளோரின் தாங்கும் 6 மில்லிமீட்டர் ரப்பர் எலாஸ்டிக் வாங்கினேன். பாவாடைக்குப் போடும் சாதாரண எலாஸ்டிக் நீச்சல் குளத்துத் தண்ணீரில் சீக்கிரமே தொளதொளத்துவிடும்.

முன்பக்கம் இழுக்காமல் துணியின் அளவிலேயே வைத்து, பின்பக்கம் மட்டும் நன்றாக இழுத்துப் பிடித்து, உள்பக்க ஓரத்தில் ஜிக்ஜாக் தையல் போட்டேன். பிறகு எலாஸ்டிக் மறையும்படி மடித்து, மேலே இன்னொரு ஜிக்ஜாக். நேர்த்தையல் போட்டால் உடை விரியும்போது நூல் படபடவென்று அறுந்துவிடும். ஊசி 75 எண் ஸ்ட்ரெட்ச் ஊசிதான். சாதாரண ஊசி லைக்ரா போன்ற இழுபடும் துணியில் தையலை விட்டு விட்டுத் தாண்டும், நமக்குக் கோபம்தான் மிஞ்சும்.

குளத்தில் குதித்து எழுந்தாலும் இப்போது உடை நகர்வதில்லை. அடுத்தது தோள்பட்டை.