இரும்புக்கை எங்கே இருக்கிறது? சூப்பர் ஹீரோ படத்தைக் காமிக்ஸோடு ஒப்பிடும் வழி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எனக்குச் சின்னதாக ஒரு பைண்டிங் கடை. காலேஜ் புராஜெக்ட், கணக்கு லெட்ஜர், கோயில் ரசீதுக் கட்டு என்று எது வந்தாலும் தைத்துக் கொடுப்பேன். மனசு நிறைந்து செய்வது பழைய காமிக்ஸ் வேலையைத்தான். துருப்பிடித்த பின்னைக் கழற்றி, கிழிந்த ஓரத்துக்கு மெல்லிய தாள் ஒட்டி, பத்துப் புத்தகத்தை ஒன்றாகத் தைத்துக் காலிகோ துணியில் அட்டை போடுவேன். பின் கழன்றதும் தாள் தாளாகக் கைக்கு வந்துவிடும். படித்துப் பார்த்துத்தான் வரிசையாக அடுக்க முடியும். முப்பது வருஷமாக அப்படி அடுக்கி அடுக்கியே காமிக்ஸ் படித்தவன் நான்.

அக்கா மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். தியேட்டரிலிருந்து நேரே கடைக்கு வருவான். ஒருநாள் "அப்படியே காமிக்ஸ் மாமா" என்பான். இன்னொரு நாள் "கெடுத்துட்டாங்க மாமா" என்பான். எதை வைத்துடா சொல்றே என்று கேட்டால் உடுப்பின் நிறத்தைச் சொல்வான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படத்துக்குப் போகும் முன் ஒரு கதையைத் தேர்ந்தெடுங்கள். "காமிக்ஸில் இப்படி இல்லையே" என்று சொன்னால் "எந்தக் காமிக்ஸில்?" என்ற கேள்வி உடனே வரும். 1938இல் வந்த முதல் கதையில் சூப்பர்மேன் பறக்கவே மாட்டார், உயரமான கட்டடங்களைத் தாண்டிக் குதிப்பார். 1939இல் அறிமுகமான பேட்மேன், ஆரம்பக் கதைகள் சிலவற்றில் துப்பாக்கி வைத்திருந்தார். எண்பது வருஷத்துக்கு மேலாகப் பல கைகள் எழுதி வரைந்த ஆட்கள் இவர்கள். அதனால் ஒரே ஒரு கதையை, முடிந்தால் அந்த நாயகனின் பிறப்பைச் சொல்லும் கதையை, இரண்டு தரம் படியுங்கள். முதல் தரம் கதைக்காக, இரண்டாம் தரம் கட்டம் கட்டமாக. புத்தகம் வேண்டுமென்றால் நான் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறிவிடுவேன். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் துணிக்கடைகளுக்கு நடுவே பழைய புத்தகம் விற்பவர்கள் உண்டு. காலையிலேயே போய்விடுங்கள்.

அடுத்தது, அந்த ஆளின் இரும்புக்கையைக் கண்டுபிடிப்பது. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்தவர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், அந்த இரும்புக்கை மட்டும் தெரியும். அவருடைய பலமும் அதுதான், அவரைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான். யாராவது மாயாவியைப் படமாக்கி, கையும் சேர்ந்து மறைகிற மாதிரி வைத்தால் தந்திரக் காட்சி பிரமாதமாக இருக்கலாம். ஆனால் மாயாவி போய்விடுவார். ஒவ்வொரு நாயகனிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. அநேகமாக அது ஒரு இழப்பு, அந்த இழப்பிலிருந்து பிறந்த ஒரு தீர்மானம். நோட்டில் இரண்டே கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: இவன் எதை இழந்தான்? அதனால் இனி எதைச் செய்யவே மாட்டான்?

ஸ்பைடர்மேனை எடுத்துச் செய்து பார்க்கலாம். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962இல் செய்த முதல் கதை 11 பக்கம்தான். டி.வி. நிகழ்ச்சியில் பேர் வாங்கிய பையன் தாழ்வாரத்தில் நிற்கிறான். திருடன் அவனைத் தாண்டி ஓடுகிறான். பிடிக்கச் சொல்லிக் காவலாளி கத்துகிறார். அது என் வேலை இல்லை என்று பையன் சும்மா நிற்கிறான். பின்னால் அதே திருடன்தான் பெரியப்பா பென்னைக் கொல்கிறான். பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வந்தாகவேண்டும் என்ற வரி, கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் வாசகமாக வருகிறது. பெரியப்பா அதைச் சொல்வதில்லை.

2002இல் வந்த படத்தில் காருக்குள் பெரியப்பாவே அதைச் சொல்கிறார். இதில் எனக்குக் குறையில்லை. உறுத்துவது வேறு. படத்தில் மல்யுத்தம் நடத்துகிறவன் 3,000 டாலர் என்று ஆசை காட்டிவிட்டு 100 டாலரைக் கையில் வைக்கிறான். அவனிடம் கொள்ளையடித்த திருடனைத்தான் பையன் விட்டுவிடுகிறான். பையனுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. காமிக்ஸில் அந்த நியாயம் கிடையாது. வெறும் திமிர். நியாயமே இல்லாத தப்புக்குத்தான் வாழ்நாள் முழுக்கப் பரிகாரம் தேட வேண்டியிருக்கிறது. அப்படியும் அந்தப் படத்தில் இரும்புக்கை மறையவில்லை, கொஞ்சம் மங்கியிருக்கிறது. நோட்டில் "மங்கல்" என்று எழுதினேன். "சரி", "தப்பு" என்று எழுதுவதைவிட மங்கல், மறைவு, தெளிவு என்ற மூன்று வார்த்தை எனக்குப் போதும்.

மூன்றாவதாக, காட்சிக்கு அடுத்த பக்கத்தைப் பாருங்கள். பைண்டிங்கில் ஒரு தாள் விட்டுப்போனால் அடுத்த பக்கத்தைப் படிக்கும்போதுதான் தெரியும். 2013இல் வந்த சூப்பர்மேன் படத்தில் அவர் ஸாட் என்ற வில்லனின் கழுத்தை முறிக்கிறார். சூப்பர்மேன் கொல்லமாட்டாரே என்று எத்தனையோ பேர் கொதித்தார்கள். 1988இல் ஜான் பர்ன் எழுதி வரைந்த கதையிலும் அவர் கொன்றிருக்கிறார், மூன்று பேரை, அவர் இனத்தாரின் பலத்தையே உறிஞ்சும் கிரிப்டோனைட் கல்லை வைத்து. ஆனால் அந்தக் குற்ற உணர்ச்சி இதழ் இதழாக அவரைத் துரத்தியது. பூமியில் இருக்கவே தகுதியில்லை என்று விண்வெளிக்குப் போய்விட்டார். படத்தில் ஒரு அலறல், மடியில் சாய்ந்து ஒரு அழுகை, அதற்குப் பிறகு கதை வேறு பக்கம் போய்விடுகிறது. கொன்றது காமிக்ஸிலும் இருக்கிறது. கொன்றதன் பாரம்தான் படத்தில் இல்லை. என் நோட்டில் அது "மறைவு".

கதை மாறியதற்காக மட்டும் மதிப்பெண் குறைக்காதீர்கள். காமிக்ஸில் வுல்வரின் ஐந்தடி மூன்று அங்குலம். நடித்த ஹியூ ஜேக்மேன் ஆறடிக்கு மேல். வுல்வரினின் இன்னொரு பேர் லோகன். 2017இல் வந்த 'லோகன்' படத்துக்குத் தூண்டுதலான காமிக்ஸில், பார்வையிழந்த வில்வீரன் ஹாக்ஐயோடு அமெரிக்கா முழுக்கப் பயணம். படத்தில் ஹாக்ஐயே கிடையாது, நோயாளிக் கிழவராக அவருடைய பழைய குரு சார்லஸும் ஒரு சிறுமியும் வருகிறார்கள். சம்பவம் எதுவும் ஒத்துப்போகாது. ஆனால் செய்த கொலைகளின் சுமை தாங்காமல், இனி சண்டையே வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கும் அந்த மனுஷன் அப்படியே இருக்கிறார். தெளிவு.

வில்லன் தானோஸ் விஷயம் இதற்கு நேர் எதிர். 1991இல் ஜிம் ஸ்டார்லின் எழுதிய 'இன்ஃபினிட்டி காண்ட்லெட்' கதையில் அவன் விரலைச் சொடுக்கிப் பாதி உயிர்களை அழிப்பது மரணம் என்னும் பெண்ணின் மனத்தை ஜெயிக்க. 2018இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' படத்தில் உணவும் இடமும் எல்லாருக்கும் போதாது என்ற கணக்கு. விரல் சொடுக்கு ஒன்றுதான், ஆள் வேறு. படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காமிக்ஸ் தானோஸ் அதில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

தமிழ் டப்பிங்கில் பார்ப்பவர்கள் வசனத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். நம் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப மாற்றியிருப்பார்கள். சண்டையை விட்டு அவன் விலகுகிறானா, யாருக்காகத் திரும்பி வருகிறான் என்று செயலைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை டப்பிங் தொடாது.

படம் முடிந்த இரவே எழுதாதீர்கள். இசையும் சத்தமும் காதில் அடங்க ஒருநாள் விடுங்கள். மறுநாள் புத்தகத்தைத் திறந்து, அதே காட்சி இருக்கும் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டு நோட்டை எடுங்கள்.

போன வாரம் மருமகன் தன் நோட்டைக் கொண்டுவந்தான். 2002 படத்தில் வலை பையனின் உடம்பிலிருந்தே வரும், காமிக்ஸில் அவனே செய்த கருவியிலிருந்து வரும். அது வெறும் உடுப்பு சமாச்சாரம் என்று நான் தள்ளியிருந்தேன். அவன் எழுதியிருந்தான்: "காசில்லாத பையன் சொந்த மூளையால் செய்தது. சண்டை நடுவில் தீர்ந்தும் போகும். அதுவும் இரும்புக்கைதான் மாமா." அரை நாள் யோசித்தேன். அவன் சொல்வதில் பாதி சரி. என் நோட்டிலும் அந்த வரியை ஏற்றிவிட்டேன். அடுத்து பேட்மேன், 1939 கதையிலிருந்து.