பரவலாக்கப்பட்ட தொழில்நுட்பம்: மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையில் முக்கியமானதெல்லாம் வேறு யாரோ எழுதும் பதிவேட்டில்தான் கிடக்கிறது. இன்றைக்கு முழுநாள் பேர் விழுந்ததா, அரைப்பேரா என்பது செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டில். ஊழியர் சேமலாப நிதி கொழும்பில். குடியிருக்கும் லயக் காம்பிரா கம்பனியின் கணக்கில், அந்தக் கம்பனி குத்தகைக்கு எடுத்த காணி அரசாங்கத்தின் கணக்கில். பல தோட்டங்களில் கடிதம்கூட அலுவலகத்தைச் சுற்றித்தான் வீட்டுக்கு வருகிறது. இப்படிப்பட்ட இடத்தில், "இனி எந்தப் பதிவும் ஒருவர் கையில் இருக்காது, ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கும், யாராலும் அழிக்க முடியாது" என்று சொன்னால் இளைஞர்கள் நிமிர்ந்து உட்காருவதில் ஆச்சரியமில்லை. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் ஐடி படிக்கும் பிள்ளைகள் பரவலாக்கப்பட்ட தொழில்நுட்பம் என்ற இதை ஆர்வமாகப் பேசுகிறார்கள். பேச வேண்டிய விஷயமும்தான். ஆனால் அந்தப் பேச்சில் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

அடிப்படை இதுதான். 2008 ஒக்டோபர் 31ஆம் திகதி சட்டோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. நடுவில் வங்கி இல்லாமல் இருவர் பணம் பரிமாறலாம், கணக்கேட்டின் பிரதியை எல்லோருமே வைத்திருக்கலாம் என்று அது சொன்னது. 2009 ஜனவரியில் பிட்கொயின் என்ற அந்த டிஜிட்டல் நாணயம் ஓடத் தொடங்கியது. பதிவுகளைச் சங்கிலியாகக் கோக்கும் அந்தக் கணக்கேட்டு முறைக்குப் பெயர் பிளொக்செயின். அப்புறம் காணிப் பதிவு, அடையாள அட்டை, வாக்கெடுப்பு, சமூக ஊடகம் என்று எல்லாவற்றையும் இதே பாணியில் செய்யலாம் என்ற யோசனைகள் கிளைத்தன.

அழியாத பதிவை உண்மையான பதிவென்று நம்புவது

எனக்குத் தெரிந்து இதுதான் பெரிய தவறு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் 19 கிலோவை 17 என்று எழுதினால், சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இஷ்டத்துக்குக் கழித்தால், பிளொக்செயின் அந்தப் 17ஐத்தான் பத்திரமாகப் பாதுகாக்கும். தராசுக்கும் பதிவுக்கும் நடுவில் நிற்கும் கை யாருடையது என்று அது கேட்பதில்லை. செக்ரோலில் பிழை என்றால் சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போட்டாவது திருத்தலாம். "சிஸ்டத்தில் ஏறிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது" என்ற பதிலை இப்போதே வங்கியிலும் கந்தோரிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அழிக்க முடியாத சிஸ்டம் வந்தால் அந்தப் பதிலுக்கு இன்னும் பலம் கூடும்.

சேமலாப நிதி எடுக்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாயம்மா, தோட்டத்துப் பதிவில் ஆங்கிலத்தில் இன்னொரு எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிரதேச செயலகத்துக்கு அலைச்சல். மூன்று பிழைகளையும் அப்படியே பிளொக்செயினில் ஏற்றினால் மூன்று அழியாத பிழைகள்தான் கிடைக்கும். பழைய பதிவை அழிக்காமல் திருத்தத்தைப் புதிய பதிவாகச் சேர்க்க வழி இருக்கிறது, உண்மை. ஆனால் அந்தத் திருத்தத்தில் கையொப்பம் இடும் அதிகாரம் யாருக்கு? கேள்வி மறுபடியும் ஒரு கந்தோரின் வாசலில்தான் வந்து நிற்கிறது.

இன்னும் பின்னால் போனால் விஷயம் தெளிவாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் வழிப் பிறப்பைக் காட்டச் சொன்னது. காட்டக் காகிதம் இல்லாமல் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு போட்டார்கள். எஞ்சியிருந்தவர்களின் சிக்கலை அவிழ்க்க 2003இல்கூட ஒரு சட்டம் தேவைப்பட்டது. இதில் யாரும் பதிவேட்டை ஹேக் பண்ணவில்லை. பதிவே இல்லாதவர்களிடம் பதிவைக் கேட்கும் சட்டத்தை எழுதினார்கள், அவ்வளவுதான். அதற்கு எந்தத் தொழில்நுட்பத்திலும் மருந்து இல்லை.

ஜோர்ஜியா நாட்டைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். அங்கே 2016இல் தொடங்கி, காணிப் பதிவுகளின் கைரேகை போன்ற ஒரு சுருக்கக் குறியீட்டை பிட்கொயின் பிளொக்செயினில் பதிந்துவைத்தார்கள். பிறகு யாராவது பதிவைத் திருத்தினால் குறியீடு பொருந்தாது, குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே காணிப் பதிவேடு அதற்கு முன்பே ஒழுங்காக இருந்தது. நமக்கோ இன்னும் பல லயங்களுக்குக் காணி உறுதியே இல்லை. இல்லாத உறுதிக்குக் கைரேகை எடுக்க முடியாது.

அப்படியென்றால் இதில் நமக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் சின்னதாக இருக்கிறது. சில தோட்டங்களில் எலெக்ட்ரொனிக் தராசு வந்துவிட்டது. நிறுத்த நிமிடமே அந்த நிறை தொழிலாளியின் போனுக்கும் வந்தால், பதிவு இரண்டு இடத்தில் இருக்கும். மாதக் கடைசியில் எண்ணைக் குறைத்தால் கையில் ஆதாரம் இருக்கும். பரவலாக்கம் என்பதன் சாரமே அதுதான். அதற்கு பிளொக்செயின் தேவையில்லை, எஸ்.எம்.எஸ். போதும்.

நடுவில் ஆள் இல்லாவிட்டால் அதிகாரமும் இல்லை என்று எண்ணுவது

2016இல் எதீரியம் என்ற இன்னொரு பிளொக்செயின் வலையமைப்பில் 'தி டாவோ' என்று ஒரு பொது நிதி தொடங்கினார்கள். முகாமையாளர் கிடையாது, கணினி நிரலில் எழுதியபடிதான் எல்லாம் நடக்கும், நிரலே சட்டம் என்றார்கள். ஜூன் மாதம் ஒருவர் அந்த நிரலில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி சுமார் 36 இலட்சம் ஈதர் நாணயங்களை உருவினார். நிரலே சட்டம் என்றால் அவர் செய்ததும் சட்டப்படிதானே? ஆனால் ஜூலை 20ஆம் திகதி, எதீரியத்தை நடத்தியவர்களில் பெரும்பாலானோர் சேர்ந்து கணக்கேட்டையே வேறு பாதைக்குத் திருப்பிப் பணத்தை மீட்டார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் பழைய சங்கிலியிலேயே எதீரியம் கிளாசிக் என்று தனியே போனார்கள். மீட்டது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் யாராலும் மாற்ற முடியாது என்று சொன்ன ஏட்டை, செல்வாக்குள்ளவர்கள் கூடினால் மாற்றலாம் என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொரு கூத்து 2022 ஏப்ரலில் நடந்தது. பீன்ஸ்டோக் என்ற திட்டத்தில் நாணயம் எவ்வளவோ வாக்கும் அவ்வளவு. ஒருவர் சில வினாடிகளுக்கு மட்டும் பெருந்தொகையைக் கடன் வாங்கி, பெரும்பான்மை வாக்கைக் கையில் எடுத்து, நிதியைத் தனக்கே அனுப்பும் தீர்மானத்தை நிறைவேற்றிக்கொண்டார். அந்தத் திட்டம் இழந்தது சுமார் 18 கோடி 20 இலட்சம் டொலர். எல்லாம் விதிப்படி! நம் தொழிற்சங்கங்களைப் பற்றி எத்தனையோ குறை சொல்கிறோம், ஆனால் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு கைதான்.

ஆட்சியில் பங்கு என்பதை வாக்களிக்கும் கருவியோடு மட்டும் முடிச்சுப் போடுவதும் இதே தவறின் இன்னொரு முகம். தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் பாதை போடக்கூட சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்றார்கள். 2018இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அந்தத் தடை விலகியது. அதைத் திருத்தியது பாராளுமன்றம், செயலி அல்ல.

போனில் வாக்களித்தால் ஜனநாயகம் வளரும் என்பது

2018இல் சியரா லியோன் தேர்தலே பிளொக்செயினில் நடந்ததாகச் செய்தி பரவி, அந்நாட்டுத் தேர்தல் ஆணைக்குழு அதை மறுக்க வேண்டியிருந்தது. 2019இல் மொஸ்கோ நகரசபைத் தேர்தலுக்குத் தயாரித்த பிளொக்செயின் முறையின் பூட்டைச் சாதாரணக் கணினியில் சுமார் 20 நிமிடத்தில் உடைக்கலாம் என்று ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் காட்டினார். பூட்டைப் பலமாக்கிவிடலாம், அது பிரச்சினையில்லை. வாக்குச்சாவடியின் மறைப்பு அட்டையைப் போனில் எங்கே வைப்பது? எட்டுக் காம்பிராவுக்கு ஒரு முற்றம் இருக்கும் லயத்தில், "காட்டு பார்க்கலாம், யாருக்குப் போட்ட?" என்று பக்கத்தில் ஒருவர் வந்து நின்றால் முடிந்தது. அந்த அட்டைக்குப் பின்னால் நிற்கும் அரை நிமிடம்தான் பலருக்கு உண்மையான சுதந்திரம்.

பரவலாக்கத்தையும் அந்தரங்கத்தையும் ஒன்றாகக் குழப்புவது

பிட்கொயினில் பெயர் தெரியாது, ஆனால் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் ஊருக்கே தெரியும். ஒரு முகவரி யாருடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் பழைய கணக்கு முழுவதும் திறந்துகொள்ளும். 2016இல் பிட்பினெக்ஸ் பரிமாற்று நிறுவனத்திலிருந்து 1,19,756 பிட்கொயின் திருடு போனது. ஐந்தரை வருடம் கழித்து, 2022 பெப்ரவரியில், அந்தச் சங்கிலியையே பின்தொடர்ந்து போய் அமெரிக்க அதிகாரிகள் 94,000க்கும் மேல் மீட்டார்கள்.

சமூக ஊடகத்திலும் இப்படித்தான். மஸ்டடோன் ஒரே கம்பனியின் கையில் இல்லை, யாரும் சேர்வர் நடத்தலாம். ஆனால் அதில் அனுப்பும் தனிச் செய்தியை அந்த சேர்வர்காரர் நினைத்தால் படிக்கலாம். சிக்னல் என்ற செய்திச் செயலி நேர்மாறு. சேர்வர் ஒரே நிறுவனத்துடையது, செய்தியை அந்த நிறுவனத்தாலும் படிக்க முடியாது. அந்தரங்கம்தான் தேவை என்றால் முனைக்கு முனை மறைகுறியாக்கம், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய பூட்டு, இருக்கிறதா என்று பாருங்கள்.

அடையாள விபரத்தை பிளொக்செயினில் போடும் யோசனையை யார் கொண்டுவந்தாலும் சந்தேகத்தோடு கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அழிக்க முடியாத ஏட்டில் அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது? எஸ்தோனியா 2001இலிருந்து எக்ஸ்-ரோட் என்ற இணைப்பை நடத்துகிறது. பலர் அதை பிளொக்செயின் என்று எழுதுகிறார்கள், அது தவறு. ஒவ்வொரு திணைக்களமும் தன் தரவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் மற்றதிடம் கேட்டு வாங்குகிறது. அங்கே பிரஜை ஒருவர் தன் கோப்பை எந்த அதிகாரி திறந்து பார்த்தார் என்று தானே பார்க்கலாம். இலங்கையில் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் நடக்கிறது. அதில் நாம் கேட்க வேண்டியது இந்த ஒரு வசதியைத்தான். கடிதம் தோட்ட அலுவலகம் வழியாக வந்து சேரும் ஊரில், யார் பிரித்துப் பார்த்தார்கள் என்று தெரிவது சின்ன விஷயமில்லை.

சாவியைப் பற்றி யோசிக்காமல் இருப்பது

வங்கி அட்டை தொலைந்தால் வேறு தருவார்கள். பிட்கொயின் பணப்பையைத் திறக்கும் கடவுச்சொல் போன்ற இரகசியச் சாவி தொலைந்தால் தர ஆள் இல்லை. வேல்ஸின் நியூபோர்ட் நகரில் ஒருவரின் சாவி இருந்த ஹார்ட் டிஸ்க் 2013இல் குப்பைமேட்டுக்குப் போனது. சுமார் 8,000 பிட்கொயின். தோண்டித் தேட அனுமதி கேட்ட வழக்கையும் 2025இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயமே மண்ணுக்குள் போனதை நாம் பார்த்திருக்கிறோம். 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மலை சரிந்தது. உடுத்த துணியோடு ஓடியவர்களிடம் சாவியை மீட்க உதவும் 24 இரகசியச் சொற்கள் எழுதிய காகிதம் எங்கே என்று கேட்க முடியுமா? வைத்திருப்பவர்கள் ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

அதைவிட அன்றாடச் சிக்கல் ஒன்று உண்டு. அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கினால் ஜிமெயிலும் பேஸ்புக்கும் திறந்து கொடுப்பது டவுன் கடைத் தம்பி. கடவுச்சொல் அவருடைய கொப்பியில். உலகத்தில் எத்தனை ஆயிரம் கணினிகளில் பதிவு பரவியிருந்தாலும் சாவி அந்தக் கடையில்தான் இருக்கிறது.

தடை வந்தால் தப்பித்துவிடலாம் என்பது

2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இங்கே சமூக ஊடகங்களை முடக்கினார்கள். இணையமே இல்லாமல் போனுக்குப் போன் தாவிப் போகும் செயலிகள் அப்போதெல்லாம் பேசப்படும். பிரிஜ்பை என்ற செயலியை ஹொங்கொங் போராட்டக்காரர்கள் பயன்படுத்தினார்கள். அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்கவும், செய்தியைப் படிக்கவும் வழி இருந்ததை 2020இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பிரையர் இந்த விஷயத்தில் கவனமாகச் செய்யப்பட்ட செயலி. ஆனால் புளூடூத் சில பத்து மீட்டர்தான் எட்டும். மேல் டிவிஷனிலிருந்து கீழ் டிவிஷனுக்குச் செய்தி போக, கோயில் ஸ்பீக்கர்தான் இன்றைக்கும் வேகம்.

திகன இன்னொன்றையும் காட்டியது. முஸ்லிம்களுக்கு எதிரான சிங்களப் பதிவுகள் பேஸ்புக்கில் அகற்றப்படாமல் பரவின. அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020இல் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்கவாவது ஒரு கம்பனி இருந்தது. உரிமையாளரே இல்லாத தளத்தில் "இதை எடுங்கள்" என்று யாரிடம் போய்ச் சொல்வது? சுதந்திரம் பற்றிப் பேசுபவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

கடைசியாக, காசு

பரவலாக்கம், சுதந்திரம், வங்கியிடமிருந்து விடுதலை என்ற சொற்களை நம் ஊரில் அதிகம் பயன்படுத்துவது, ஆள் சேர்த்தால் காசு என்னும் பிரமிட் வியாபாரக்காரர்கள்தான். சேமலாப நிதி கைக்கு வந்தவர், மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவர் என்று பார்த்துப் பார்த்து வருவார்கள். பிட்கொயின் போன்ற கிரிப்டோ நாணயம் இலங்கையில் சட்டபூர்வ நாணயம் அல்ல என்று மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. 2021ஆம் ஆண்டுப் பணிப்புரைப்படி வங்கி அட்டையால் அதை வாங்கவும் முடியாது. பிரமிட் திட்டம் நடத்துவது வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவில் குற்றம். பிட்கொயினையே சட்ட நாணயமாக்கிய எல் சல்வடோர்கூட 2025இல் கடைக்காரர்கள் அதைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்ற விதியைக் கைவிட்டது.

நாணயத்தின் பெயர் என்ன, எந்தச் சங்கிலியில் ஓடுகிறது என்றெல்லாம் ஆராய வேண்டாம். "இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன்" என்று சொன்ன இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். ஹோட்டலில் மீட்டிங் வைத்துப் பகல் சாப்பாடு போட்டால், சாப்பிட்டுவிட்டு வந்தாலும் தப்பில்லை.