ஊருக்குப் போனா சந்திச் சாப்பாட்டுக் கடையை விட்டுடாதேங்கோ

வெளிநாட்டில இருந்து யாழ்ப்பாணம் போற எங்கட ஆக்கள் கனபேர் இப்ப ஹோட்டல்ல ரூம் எடுத்து, காலமைச் சாப்பாட்டையும் அங்கயே முடிச்சிட்டு, வான் ஒண்டில ஏறி நல்லூர், கீரிமலை, நயினாதீவு எண்டு சுத்திப்போட்டு வந்திடினம். ஊர்ச் சந்தியில ஒரு குடும்பம் தலைமுறையா நடத்திற சின்னச் சாப்பாட்டுக் கடைக்குள்ள கால் வைக்கிறேல்ல. எனக்கு அதில சரியான கவலை. நிக்கிற ஒவ்வொரு நாளும் ஒரு நேரமாவது அங்க சாப்பிடுங்கோ, அதுவும் கடை மாத்தாம ஒரே கடையில.

ஏன் ஒரே கடை எண்டா, முதல் நாள் நீங்கள் வெளிநாட்டு ஆள். மூண்டாம் நாள் கல்லாவில இருக்கிறவர் "தம்பி ஆற்ற பிள்ளை?" எண்டு கேப்பார். அப்ப அப்பான்ர பேரோட நிப்பாட்டாதேங்கோ, அப்பப்பான்ர பேர், எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலடி எல்லாம் சொல்லுங்கோ. நான் அப்பாவோட படிச்ச ஒருத்தரைத் தேடிப் பழைய விலாசத்தோட போனன், ஒழுங்கை முழுக்கப் புது மதில், கேட்ட வீட்டில ஒருத்தருக்கும் ஆளைத் தெரியேல்ல. அடுத்த நாள் கடையில அந்தப் பேரைச் சொன்னன், உள்ளுக்க திருவலையில இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்த வயசான அம்மா கையை உதறிக்கொண்டு எழும்பி வந்து, "அவர் இப்ப மகளோட கொடிகாமத்தில, புதன்கிழமை கிளினிக்குக்கு வருவார், வந்தா இஞ்சதான் தேத்தண்ணி குடிப்பார்" எண்டா. புதன் பத்து மணிக்கு அதே வாங்கில அவருக்குப் பக்கத்தில இருந்தன்.

இனி நேரம். காலமை ஆறு, ஆறரைக்குப் போனா இடியப்பம், புட்டு, சொதி, சம்பல் சூடா இருக்கும், ஒன்பது தாண்டினா மிச்சம்தான். மத்தியானச் சோறு பன்னிரண்டில இருந்து ஒண்டரை மட்டும்தான் நல்லம், அளவாத்தான் சமைப்பினம், ரெண்டு மணிக்குப் போய் மீன் குழம்பு கேட்டா பாவம் அவை என்ன செய்யிறது. பின்னேரம் நாலுக்குப் பிறகு வடை, வாய்ப்பன், ரோல்ஸ். கனபேருக்கு மறந்துபோன ஒண்டு, தேத்தண்ணி கேட்டா ஒரு பிளேட் நிறையக் கடி, அதுதான் வடை, ரோல்ஸ் மாதிரிச் சாமான், கொண்டந்து வைப்பினம், எல்லாத்தையும் சாப்பிட வேணுமெண்டில்லை, எடுத்ததை எண்ணித்தான் காசு. அதால சாப்பிடாததைப் பிள்ளையள் கையால கிண்டாமப் பாத்துக்கொள்ளுங்கோ, அது அடுத்த மேசைக்குப் போறது.

சைவக் கடையோ, மீன் இறைச்சி சமைக்கிற மச்சக் கடையோ எண்டு முதலே பாருங்கோ. சைவக் கடைக்குள்ள வெளியில வாங்கின மச்சப் பார்சலோட போகக் கூடாது. நல்லூர்த் திருவிழா ஆடி அமாவாசையையும் சேத்து எண்ண ஆறாம் நாள் கொடியேறி 25 நாள், அந்த நாளில ஊரில கனபேர் மச்சம் தொடாயினம், அப்ப போறவை மரக்கறிச் சாப்பாட்டுக்கு ஆயத்தமாப் போங்கோ. வெளிநாட்டில பிறந்த பிள்ளையளுக்கு உறைப்பு தாங்காது, கறிக்குப் போடுறது வீட்டில வறுத்து இடிச்ச மிளகாய்த் தூள், கடைக்குப் போனவுடன சொன்னா சொதியும் பருப்பும் கூட விட்டுத் தருவினம்.

காசு விஷயம் கவனம். சின்னக் கடையில காட் எடுக்கிறது குறைவு. நான் விடிய முதல் தேத்தண்ணிக்கு 5000 ரூபா நோட்டை நீட்டிப்போட்டன், மாத்திக் குடுக்கக் கல்லாவில ஒண்டுமில்லை, முதலாளி சிரிச்சுக்கொண்டு "நாளைக்குத் தாங்கோ" எண்டிட்டார், ஒண்டும் எழுதேல்ல. 100, 500 நோட்டு வைச்சிருங்கோ. விலையைப் பவுண்சிலயும் யூரோவிலயும் மாத்திப் பாத்து "இவ்வளவு மலிவோ" எண்டு சத்தமாச் சொல்லாதேங்கோ, பக்கத்து மேசையில கூலி வேலைக்குப் போறவர் அதே காசை எண்ணிக்கொண்டிருப்பார். மேல குடுக்க விருப்பமெண்டா பரிமாறின பெடியன்ர கையில தனியக் குடுங்கோ. போட்டோ எடுக்க முதல் ஒரு சொல்லுக் கேளுங்கோ, அடுப்படியில நிக்கிறது அவையின்ர வீட்டுப் பொம்பிளையள்.

இந்தக் கடையள் பட்ட பாட்டையும் தெரிஞ்சு வைச்சிருங்கோ. யுத்தத்தால வந்த 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில ஊரோட சேந்து கடையும் வெளிக்கிட்டது, திரும்பி வந்து பழைய இடத்திலயே அடுப்பு மூட்டினவை இருக்கினம். 2022 பொருளாதார நெருக்கடியில காஸ் இல்லாம விறகுக்கு மாறிச் சமைச்சவை. ஊரில செத்தவீடெண்டா அந்த வீட்டில அடுப்பு மூட்டாயினம், அப்ப வாளியில தேத்தண்ணி போறது சந்திக் கடையில இருந்தும்தான். கடைச் சுவரில ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி நோட்டீஸை ஒருக்கா வாசியுங்கோ, உங்கட சொந்தக்காரர் பேரும் இருக்கலாம், முப்பத்தொராம் நாள் கிரியைக்குப் போக வேண்டி வரும்.

வெளிக்கிடுற நாள் விடிய பஸ்ஸெண்டா முதல் நாள் பின்னேரமே பார்சலுக்குச் சொல்லிப்போடுங்கோ, நாலரைக்கே எழும்பி அவிச்சுத் தருவினம். தூள் வேணுமெண்டா ரெண்டு மூண்டு நாளுக்கு முன்னம் சொல்லுங்கோ, மிளகாய் காய வெயில் வேணும்.