மதுரைப் பக்கம் பழைய உழவுக் கருவி தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு கேட்கிற கேள்வியிலேயே இருக்கிறது. மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "இங்க அருங்காட்சியகம் இருக்கா?" என்று கேட்டால் மதுரைக்குப் போகிற பஸ்ஸைத்தான் காட்டுவார்கள். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "கமலை கட்டி இறைச்ச கிணறு எது?", "கல் செக்கு எங்க கிடக்கு?", "பழைய ஆயில் என்ஜின் யார் தோட்டத்துல இருக்குங்கய்யா?" என்றால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் யாராவது வாய் திறப்பார். டீக்கடையைவிட லேத் பட்டறையும் மோட்டார் காயில் கட்டுகிற கடையும் மேல். எந்த என்ஜின் எந்த ஷெட்டில் துருப்பிடிக்கிறது என்ற கணக்கு அவர்களிடம் இருக்கும்.

மேப்பை மட்டும் நம்பிப் போவது அடுத்தது. காந்திய பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளைக் கழித்த காந்தி நிகேதன் ஆசிரமம் இருப்பது டி. கல்லுப்பட்டியில், திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில். கிராமக் கைத்தொழில் கருவிகளில் ஆர்வம் உள்ளவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அது. வெறுமனே "கல்லுப்பட்டி" என்று தட்டினால் தேனி மாவட்டத்து ஜி. கல்லுப்பட்டியில் கொண்டுபோய் விட்டுவிடும். முன்னெழுத்தோடு தேடுங்கள். ஆசிரமம், கல்லூரி போன்ற இடங்களுக்கு முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கிவிட்டுப் போக வேண்டும். ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வாசலில் ஞாயிற்றுக்கிழமை போய் நின்று பயனில்லை.

நாள் பார்ப்பதிலும் கோட்டை விடுகிறார்கள். காந்தி மியூசியம் வளாகத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. கீழடி அருங்காட்சியகம் தொல்லியல் துறையின் கீழ் வருவது, அதன் விடுமுறை வேறு. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் இரண்டு இடத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, தேடி வந்த பொருளின் பக்கத்திலேயே நின்றுகொண்டு "ஒன்றும் இல்லையே" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த கமலையை எடுத்துக்கொள்வோம். கிணற்று விளிம்பில் இரண்டு தூண், மேலே வடம் என்ற தடித்த கயிறு ஓடும் பெரிய உருளை, கீழே வால்கயிறு ஓடும் நீள உருளை. தண்ணீர் மொள்ளும் சால் இரும்பு, அதன் அடியில் தைத்த வால் என்ற குழாய் தோல். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். அதுவரை வாலை மடித்துப் பிடித்திருப்பது வால்கயிறு. சால் மேலே வந்ததும் வால் கீழ் உருளை மேல் தொட்டிப் பக்கம் இழுபட்டு, தண்ணீர் தானாகக் கொட்டும். தோலும் கயிறும் மக்கிவிட்டன, இரும்பு காயலான் கடைக்குப் போய்விட்டது. எஞ்சியிருப்பது தூண் கல்லும் மாடு நடந்த சரிவும்தான். சரிவையும் பல இடங்களில் மண் போட்டு மேவியிருப்பார்கள். ஆகவே மேட்டைத் தேடாதீர்கள், கல்லைத் தடவிப் பாருங்கள். வடம் உரசிய இடத்தில் விரல் புதைகிற அளவுக்கு வழவழப்பான பள்ளம் இருந்தால் அதுதான். உளி வெட்டிய பள்ளத்தில் கொத்துத் தடம் தெரியும். கயிறு அறுத்த பள்ளத்தில் தெரியாது.

செக்கையும் உரலையும் குழப்புவதும் இதே வகை. உரலில் உலக்கை மேலிருந்து குத்துவதால் அடிப்பக்கம்தான் தேயும். செக்கில் உலக்கை சுற்றிச் சுற்றி அரைப்பதால் குழியின் பக்கச் சுவர் பளபளவென்று இருக்கும். கோயில் விளக்கு எண்ணெய்க்காகச் செய்து கொடுத்த சில கல் செக்குகளின் விளிம்பில் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும். அந்த எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸையோ மாவையோ பூசுவது பெரிய கெடுதல். கீறலுக்குள் போனது முழுசாக வராது, அடுத்துப் படிப்பவருக்கு எழுத்தே மாறித் தெரியும். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுங்கள், அல்லது டார்ச்சைக் கல்லை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். போதும்.

கண்மாய்க்குள் தனியாக நிற்கும் இரண்டு கல் தூணைப் பார்த்து "இடிந்த மண்டபம்" என்று எழுதிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் குமிழித் தூம்பு, அதாவது கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய மடை. தூண்களுக்குக் குறுக்கே துளையிட்ட பலகைக்கல் இருக்கும். அந்தத் துளை வழியே இறங்கும் கம்பின் நுனியில் அடைப்பு. அதைத் தூக்கினால் அடியில் உள்ள கல் தொட்டியின் மேல் துளையில் நீரும், தரையோடு இருக்கும் சேரோடித் துளைகளில் வண்டலும் வெளியேறும். தண்ணீர் நிறைந்த கார்த்திகையில் போனால் தூண் தலை மட்டும்தான் தெரியும். சித்திரை, வைகாசியில் போங்கள். பெரியாற்றுப் பாசனம் உள்ள மேலூர்ப் பக்கம் என்றால் வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மடைப் பக்கம் மடைக்கருப்பசாமி இருந்தால் செருப்பு வெளியே. உலக்கையைத் தாண்டுவது, உரலில் உட்காருவது, இரண்டும் எந்த வீட்டிலும் ஆகாது.

என்ஜினுக்கு வருவோம். பெயின்டையும் வடிவத்தையும் பார்த்து வயது சொல்வது இங்கே நடக்கும் முக்கியத் தப்பு. பச்சை அடித்த, இரட்டை பிளைவீல் உள்ள ஸ்லோ ஸ்பீடு என்ஜினெல்லாம் இங்கிலாந்து லிஸ்டர் இல்லை. அதே அச்சில் ராஜ்கோட்டில் வார்த்தவை ஏராளம். பித்தளைத் தகட்டைப் படியுங்கள். டர்ஸ்லி என்ற ஊர்ப் பெயர் இருந்தால் லிஸ்டர் கம்பெனியின் சொந்த ஊர் அது. 5 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 600 சுற்று, 6 குதிரைத்திறன் 650 சுற்று என்பவை அவர்களின் ஒற்றை சிலிண்டர் மாடல்கள். தகட்டில் காசை வைத்துச் சுரண்டாதீர்கள், பாலிஷும் போடாதீர்கள், நம்பர்தான் முதலில் அழியும். டிராக்டருக்கு ஆர்.சி. புக்தான் சாட்சி. பானெட்டும் கிரில்லும் மாறி மாறிப் பொருத்தப்பட்டவை. ஜீட்டர் 2511 என்று எழுதிய எச்.எம்.டி. வண்டியைச் சுதந்திரத்துக்கு முந்தையது என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள், பிஞ்சூரில் எச்.எம்.டி. டிராக்டர் தயாரிப்பு தொடங்கியதே 1971இல்.

நிற்கிற என்ஜினின் பிளைவீலை ஆசைக்குச் சுற்றிப் பார்ப்பது கூடாது. வருஷக்கணக்கில் கிடந்ததில் பேரிங் காய்ந்திருக்கும், ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும், சைலன்ஸருக்குள் குளவி கூடு கட்டியிருக்கும். சொந்தக்காரரே ஓட்டிக் காட்டுகிறார் என்றால் ஆயில், கூலிங் தண்ணீர் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், பெல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்கிற ஹேண்டிலை உங்களிடம் கொடுத்தால் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். என்ஜின் பின்னால் உதைத்தால் கட்டைவிரல்தான் போகும். சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வேகம் ஏற்றி, லீவரை விட்டதும் ஹேண்டில் தானாகக் கழன்று கையோடு வர வேண்டும். துவாரம் தேய்ந்த ஹேண்டில் கழலாமல் பிளைவீலோடு சுற்றிப் பறக்கும். அதனால் வீல் சுழலும் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. துண்டும் துப்பட்டாவும் பெல்ட் பக்கம் வேண்டாம்.

கடைசியாக, வாங்குவது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் மரக்கால், படி, வண்டிச் சக்கரம் எல்லாம் கிடைக்கும். கலப்பை வாங்கினால் மேழியும் (கைப்பிடி) ஏர்க்காலும் (நுகத்தோடு சேரும் நீளக் கட்டை) ஒரே வகை மரமா, கொழு என்ற இரும்பு முனை அதற்கே உரியதா என்று பாருங்கள். வேறு வேறு கலப்பைகளின் பாகங்களை ஜோடி சேர்த்து விற்பது சகஜம். மரத்தைத் தட்டினால் மாவு உதிர்ந்தால் உளுத்தது, வீட்டு நிலைக்கதவுக்கும் பரவும். நூறு வருஷம் தாண்டிய பொருள்களை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எழுத்துள்ள கல் எதையும் விலை பேச வேண்டாம். வி.ஏ.ஓ.விடமோ தொல்லியல் துறையிடமோ இடத்தைச் சொல்லிவிட்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.