டிவி இரைச்சலைத் தேடும்போது செய்யக் கூடாதவை

டிவியில் இரைச்சல் என்று யாராவது கூப்பிட்டால், நாங்கள் எலெக்ட்ரீஷியன் தொழில் பழகிய காலத்தில் நடந்த அதே பிழைகளைத்தான் இன்று புதிதாக வரும் பையன்களும் செய்கிறார்கள். மெயினை அணைக்காமல் கை வைக்காதே என்பது போன்றவை எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எர்த் பின்னை வெட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஹோம் தியேட்டர் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று விடாத இரைச்சல். பையன் மூன்று பின் ப்ளக்கின் பெரிய பின்னை நறுக்கிவிடுகிறான். இல்லையென்றால் ஸ்விட்ச் பாக்ஸுக்குள் பச்சை வயரைக் கழற்றி டேப் சுற்றிவிடுகிறான். சத்தம் அந்த நொடியே நின்றுவிடும். வீட்டுக்காரருக்கும் சந்தோஷம், கூலியும் கைக்கு வந்துவிடும்.

சத்தம் எங்கிருந்து வந்தது? ஆம்ப்ளிஃபையரின் உலோக உடம்பு வீட்டு எர்த்தில் இருக்கிறது. செட்டாப் பாக்ஸில் திருகியிருக்கும் கேபிளின் வெளிவலையோ தெருவில் வேறெங்கோ எர்த் ஆகியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓரிரு வோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும், ஆடியோ வயரின் வெளிவலை வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சுற்ற ஆரம்பித்துவிடும். அதுதான் ஸ்பீக்கரில் கேட்கிறது. பின்னை வெட்டினால் அந்தச் சுற்று அறுபடுகிறது. கூடவே உயிருக்கு இருந்த காப்பும் போகிறது.

ஒரு மாடி வீட்டில் இப்படி வெட்டி வைத்திருந்தார்கள். சில மாதம் கழித்து கேபிள்காரத் தம்பி வந்து கனெக்டரைத் திருகிக் கழற்றினார். ஒரு கை செட்டாப் பாக்ஸில், இன்னொரு கை கேபிளில். ஷாக் அடித்துப் பின்னால் விழுந்தார், நல்லவேளை பிழைத்துக்கொண்டார். ஆம்ப்ளிஃபையருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் பழுதாகி, கசிந்த மின்சாரம் கேபிளின் வெளிவலை வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எர்த் இருந்திருந்தால் ஆம்ப்ளிஃபையரின் உடம்பில் வோல்டேஜ் ஏறியே இருக்காது. மின்சாரம் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் அந்த வீட்டில் இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு, கேபிளைக் கழற்றி வைத்து, பிறகு ஆன் செய்யுங்கள். இரைச்சல் இல்லையென்றால் அது கேபிள் வழியாகத்தான் வருகிறது. டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர் மூன்றையும் ஒரே போர்டில் மாட்டிப் பாருங்கள். அப்போதும் போகவில்லையா, கேபிளில் ஒரு கால்வனிக் ஐசோலேட்டர் போடுங்கள், அது சிக்னலை மட்டும் விட்டு வெளிவலையின் தொடர்பை அறுத்துவிடும். அப்புறம் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். ஓரிரு வோல்ட் சகஜம். 10, 15 என்று காட்டினால் நியூட்ரலிலோ எர்த்திலோ கோளாறு, அதைச் சரிசெய்யாமல் அந்த வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது.

ஃபேன் ரெகுலேட்டரை மறப்பது

வழவழவென்று சுழலும் பழைய எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின் அலையை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டுதான் ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்கும். ஃபேனை அணைத்ததும் சத்தம் நின்றால், டக் டக்கென்று படியாக நிற்கும் கெபாசிட்டர் ரெகுலேட்டரை மாட்டுங்கள். மலிவான எல்இடி பல்பும் இதே கரகரப்பைக் கொண்டுவரும்.

கண்ணால் தேடுவது

லூஸ் ஸ்க்ரூவில் பொறி அடிப்பது வெளியே தெரியாது. பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நடங்கள். பொறி அடிக்கும் இடத்தை நெருங்க நெருங்கக் கரகரப்பு ஏறும். சத்தம் குழப்பினால் மெயின் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் ட்ரிப் ஸ்விட்சுகளை (எம்சிபி) ஒவ்வொன்றாக அணையுங்கள், எந்த லைன் என்று தெரிந்துவிடும். பிறகு மெயினை அணைத்துவிட்டு அந்த லைனின் பாக்ஸைத் திறந்தால், கறுத்துப்போன ஸ்க்ரூவும் உருகிய வயர் நுனியும் கண்ணில் படும். ஸ்க்ரூவை முறுக்கினால் மட்டும் போதாது. கருகிய நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.

இன்வெர்ட்டர்

கரண்ட் போனால் மட்டும் இரைகிறதா? மின் அலையைச் சதுரமாகத் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்தான் காரணம். வயரிங்கைத் தொடாதீர்கள்.

நியூட்ரல் லூஸை டிவி கோளாறு என்று நினைப்பது

டிவி இரையும்போதே ஒரு அறையில் பல்பு மங்கி இன்னொரு அறையில் பளீரென்று எரிந்தால், தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300ஐத் தாண்டி வரலாம், ஃபிரிட்ஜ் வரை எரிந்துவிடும். மெயினை அணைத்துவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குச் சொல்லுங்கள். கம்பத்திலிருந்து மீட்டர் வரை அவர்கள் பார்க்க வேண்டிய வேலை, மீட்டரைத் தாண்டியது நம்முடையது.