பள்ளிப் பேருந்தின் கதவைச் சோதிக்கும் முறை

பள்ளிப் பேருந்துகளைப் பராமரிப்பது என் வேலை. காலையில் வண்டி கிளம்புவதற்கு முன் டயர், பிரேக், விளக்கு எல்லாவற்றையும் பார்ப்பேன். அதிக நேரம் நிற்பது கதவுப் பக்கம்தான். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட, ஏறி இறங்கும் அந்தச் சில நொடிகளில்தான் எனக்குக் கவலை அதிகம். ஓட்டுநரோ உதவியாளரோ யாராக இருந்தாலும் இந்தச் சோதனைகளைச் செய்யலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

காற்றழுத்தத்தில் இயங்கும் கதவு என்றால் முதலில் பார்க்க வேண்டியது, நடுவில் ஏதாவது மாட்டினால் அது திரும்பத் திறக்கிறதா என்பது. பேருந்துகளுக்கான ஐ.நா.வின் 107ஆம் எண் ஒழுங்குமுறை, மூடும் கதவு 150 நியூட்டனுக்கு மேல், அதாவது சுமார் 15 கிலோ எடை அழுத்தும் அளவுக்கு மேல் நெருக்கினால் அது தானாகத் திறந்துகொள்ள வேண்டும் என்கிறது. இதைச் சோதிக்கக் கையை விடாதீர்கள். பழைய துணியை இறுக்கிச் சுருட்டி, கீழே குழந்தையின் கணுக்கால் உயரத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, மேலே ஒரு முறை வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். மூன்று இடத்திலும் திறக்க வேண்டும். மேலே திறந்து கீழே திறக்காத கதவு தேறவில்லை என்றே பொருள்.

சரி, திறந்துவிட்டது. இதோடு நிறுத்திவிடக் கூடாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கதவு கையை உணரும், மெல்லிய நாடாவை உணராது. பையின் வார், துப்பட்டாவின் நுனி, மேலாடையில் தொங்கும் கயிறு இவையெல்லாம் ரப்பர் விளிம்புகளுக்கு நடுவில் சத்தமில்லாமல் சிக்கிக்கொள்ளும். எதிர்த்து அழுத்த அவற்றில் கனம் இல்லை, அதனால் கதவுக்கு ஒன்றும் தெரியாது, முழுதாக மூடிவிட்டதாகவே விளக்கும் காட்டும். பிள்ளை இறங்கி வெளியே நிற்கிறாள், வார் மட்டும் உள்ளே இருக்கிறது, வண்டி நகர்கிறது. நான் பயப்படுவது இதற்குத்தான்.

அதனால் இரண்டாவது சோதனை நாடாவை வைத்து. பள்ளிப் பையின் பழைய வார் ஒன்றை எடுத்துக் கதவிடுக்கில் வைத்து மூடுங்கள். வெளியே நின்று ஒரு கையால் மெதுவாக இழுங்கள். எளிதாக உருவிக்கொண்டு வர வேண்டும். வராவிட்டால் ரப்பர் காய்ந்து விறைத்துப் போயிருக்கிறது, அல்லது கதவு ஒரு பக்கம் சாய்ந்து இறுக்கமாக மூடுகிறது. ரப்பரை மாற்றுங்கள், கீல்களைச் சரிசெய்யுங்கள். வாரின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியையும் உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். நல்ல ரப்பராக இருந்தாலும் கொக்கி வராது. எந்த ரப்பரும் அதை முழுதாகத் தீர்க்காது என்பதால்தான் மனிதக் கண் தேவைப்படுகிறது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் கைப்பிடிக் கம்பி. படிக்கட்டின் பக்கத்தில் இருக்கும் இந்தக் கம்பியைக் கதவின் ஒரு பகுதியாகவே நினையுங்கள். அமெரிக்காவில் 1990களில் குழந்தைகளின் ஆடைக் கயிறும் பை வாரும் இந்தக் கம்பிக்கும் சுவருக்கும் இடையில் சிக்கி உயிரிழப்புகள் நேர்ந்தன. அதன் பிறகு அங்கே பல பேருந்துகளின் கம்பிகள் மாற்றப்பட்டன. 1996இல் குழந்தைகளின் மேலாடைகளில் தொங்கும் கயிறுகள் பற்றியும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தச் சமயத்தில் பழக்கத்துக்கு வந்த சோதனையை நான் இன்றும் செய்கிறேன். அரை அங்குல போல்ட்டுக்கான நட்டு ஒன்றை மூன்றடி நீளக் கயிற்றின் முனையில் கட்டுங்கள். வண்டிக்கு வெளியே தரையில் நின்றுகொண்டு நட்டைக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் தொங்கவிடுங்கள். பிறகு, இறங்கி நடக்கும் பிள்ளை இழுப்பது போல வெளிப்பக்கமாக இழுங்கள். எங்கேயும் தட்டி நிற்காமல் வர வேண்டும். பெரும்பாலும் நிற்பது கம்பியின் கீழ்முனை சுவரோடு சேரும் இடத்தில். அங்கே தட்டினால் அந்த இடைவெளியை அடைத்த பிறகே வண்டி வெளியே போகலாம்.

கதவு திறந்திருக்கும்போது வண்டி நகரக் கூடாது. தடுப்பு அமைப்பு உள்ள வண்டியில் ஆளில்லாத இடத்தில் இதைச் சோதியுங்கள். இல்லாத வண்டியில் கதவு திறந்தால் ஒலிக்கும் பஸ்ஸராவது வேலை செய்ய வேண்டும். கையால் இழுத்து மூடும் கதவாக இருந்தால், மூடியபின் உள்ளிருந்து தோளால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். ஒரு பிள்ளை சாய்ந்தால் திறந்துகொள்ளும் தாழ்ப்பாள் தாழ்ப்பாளே அல்ல. கீல் பக்கத்து இடுக்கில் விரல் நுழைகிறதா என்பதையும் பாருங்கள். எல்லோரும் மூடும் விளிம்பையே கவனிப்பார்கள், சின்ன விரல்கள் நசுங்குவது இந்தப் பக்கம்.

அப்புறம் மனிதக் கண். உதவியாளர் முதலில் இறங்க வேண்டும், கடைசிப் பிள்ளை கதவிலிருந்து ஒரு மூன்று மீட்டர் தள்ளிப் போகும்வரை கீழேயே நிற்க வேண்டும். ஏறியதும் வாய்திறந்து "போகலாம்" என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. ஓட்டுநர் கதவை மூடியபின் பக்கக் கண்ணாடியில் கதவின் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டே கியர் போட வேண்டும். கொக்கி சிக்கியிருந்தால் கண்ணில் படுவது அந்த ஒரு பார்வையில்தான்.

அவசர வழிக் கதவைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. திருட்டுப் பயத்தில் அதற்குப் பூட்டுப் போடுகிறார்கள், இடம் போதவில்லை என்று பைகளை அடுக்கி மறைக்கிறார்கள். அமெரிக்கப் பாதுகாப்பு விதி 217இன்படி அவசர வழி பூட்டியிருந்தால் பள்ளிப் பேருந்தின் எஞ்சினே ஸ்டார்ட் ஆகக் கூடாது. தாழ் சரியாக விழாமல் சாவி போட்டால், ஓட்டுநருக்கும் கதவருகில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி ஒலி எழ வேண்டும். கதவைத் திறக்க 178 நியூட்டனுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது. உங்கள் வண்டியில் இந்த வசதிகள் இல்லாவிட்டாலும் இரண்டைச் செய்யலாம். வாரம் ஒருமுறை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் அந்தக் கதவை முழுதாகத் திறந்து மூடுங்கள். துரு ஏறிய கைப்பிடி அப்போதுதான் தெரியும். பின்வரிசையில் உட்காரும் பெரிய பிள்ளைகளை, நின்றிருக்கும் வண்டியில் ஒவ்வொருவராக அந்தக் கைப்பிடியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். யாராலாவது திருப்ப முடியவில்லை என்றால் அன்றே எண்ணெய் விடுங்கள், அப்படியும் இளகவில்லை என்றால் பிடியை மாற்றுங்கள்.